மூன்று நாளாக நிற்கும் காட்சி

வேலை முடிந்து திரும்பும் கம்பெனி பஸ். மூக்கண்டப்பள்ளி நெருங்கும்போது முன்சீட்டில் ஒருவர் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னார்:

"மூணு நாளா எங்க டிவி ஒரே சீன்ல நிக்குதுண்ணா."

"ரிப்பேரா?"

"இல்லண்ணா. நெட்ல பாக்குற ஒரு காமெடி சீரியல், புருஷன்மாருங்களைப் பத்தி. எனக்கு காலையில ஏ ஷிப்ட், என் வீட்டுக்காரிக்கு மத்தியானம் பி ஷிப்ட். அவ நிறுத்திட்டுப் போன இடத்துல இருந்து நான் பாப்பேன்."

"சரி."

"அதுல புருஷன்காரன் வேற ஒருத்தி நம்பரை 'வெல்டர் மணி'ன்னு போன்ல போட்டு வைக்கிறான். நான் பாத்து முடிச்சாலும், தினமும் அந்த சீனுக்கே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திட்டுப் போறா."

பெரியவர் அவர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ என்ன பேர்ல வச்சிருக்க?"

"கேன்டீன் ராஜு."

"அழிச்சிரு."

"அழிக்கலாம்னுதான் காலையில போனை எடுத்தேன். என் வீட்டுக்காரியே அந்தப் பேரை அழிச்சிட்டு, 'கவிதா'ன்னு நிஜப் பேரைப் போட்டு வச்சிருக்காண்ணா."