கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு தாள்

ம், எழுதிக்கோங்க. அன்னிக்கு வீட்ல இருந்தவங்க மொத்தம் அஞ்சு பேரு. எங்க வீட்டுக்காரரு, அவரோட அக்கா, அவருகிட்ட ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த ரெண்டு பேரு, அப்புறம் நான். பாருங்க, நாலு பேரோட நிறுத்திட்டீங்க. பல்கலைக்கழகம் இவருக்கு எடுக்கற விழாவுக்குப் போடற மலராச்சே, எண்ணிக்கை சரியா இருக்க வேணாமா?

ஆராய்ச்சிக்காரங்கள்ல ஒருத்தர் கேட்டாரு, பத்துப் பரிமாணம் இருக்குங்கறீங்க, நமக்கு நாலுதானே தெரியுது, மிச்சம் ஆறு எங்கன்னு. எங்கயும் போகல, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருண்டு கிடக்குன்னாரு இவரு. வீட்டு வேலையில இவரோட பங்கும் அங்கதான் கிடக்கு போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஐயய்யோ, அத எழுதாதீங்க.

அந்த ஆறும் எப்படியெல்லாம் சுருளலாம்னு எண்ணி மாளாது. ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு பிரபஞ்சம் இருக்கலாமாம். புரியலன்னா தலையாட்டாதீங்க. எனக்கா? நானும் அதே துறைதாங்க. ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. முதல் இடம் யாருன்னு கேக்காதீங்க, விழா நேரத்துல எதுக்கு.

அக்கா துணி மடிச்சிட்டிருந்தாங்க. ஒரு சாக்ஸ உள்ளுக்குள்ள சுருட்டினாங்க பாருங்க, இவரு துள்ளி எழுந்தாரு. பேப்பர், பேப்பர்னு ஒரே கூத்து. ஒரு பக்கம் வெத்தா இருந்தா இந்த வீட்ல எந்தத் தாளும் தப்பாது. கரண்ட் பில்லு, மக பள்ளிக்கூடத்துக் கடுதாசி, எல்லாத்து முதுகுலயும் கணக்குதான். எழுதினதும் ஃபைலுக்குள்ள போயிடும். ரெண்டு தடவை கரண்ட்டயே நிறுத்திட்டாங்க. மெழுகுவத்திய ஏத்தி வெச்சுக்கிட்டுப் பிரபஞ்சத்த ஆராய்ஞ்சாரு.

ஊரே கொண்டாடற கணக்கு அன்னிக்குக் கையில சிக்கின தாள்லதான் பொறந்துச்சு. காட்சிக்கு வைக்க அசல் வேணும்னீங்களே, போன வாரம் ஃபைல் ஃபைலா தேடி எடுத்தேன். இந்தாங்க, ஓரத்தப் புடிங்க.

அந்த வருஷம் ஒரு ஆராய்ச்சி நிலையத்துல நான் நேர்காணலுக்குப் போயிட்டு வந்திருந்தேன். மூணு மாசம் தபால்பெட்டியவே காவல் காத்தேன். பதிலே இல்ல. சரி, நம்ம தகுதி இவ்வளவுதான்னு உக்காந்துட்டேன். இவரு ஆறுதல் சொன்னாரு பாருங்க, இன்னொரு பிரபஞ்சத்துல நீதான் அங்க பேராசிரியராம். அந்த அம்மாவுக்கு சமையல் யாரு செய்யறாங்கன்னு கேட்டேன்.

இப்ப தாளத் திருப்புங்க. ஆமா, என் பேருக்கு வந்ததுதான். வேலை குடுத்திருக்காங்க. ஒரு மாசத்துக்குள்ள பதில் போடணுமாம்.

மறதியா எடுத்திருப்பாருன்னு நானும் நெனச்சேங்க. மேதைங்கன்னா அப்படித்தானே. தேதிக்குக் கீழ பென்சில்ல ஒரு வரி இருக்கு, கொஞ்சம் சத்தமா படிங்க. "இவகிட்ட சொல்லணுமா?" ஆமா, கேள்விக்குறியோட. அப்புறம் அந்த வரிய அவரே அடிச்சு விட்டிருக்காரு.

பெட்டியில இந்தப் பக்கத்த மேல வைங்களேன். அவரையே கேட்டுடலாம், கதவுகிட்டதான் ரொம்ப நேரமா நிக்கறாரு. ஏங்க, உங்களுக்குச் சம்மதம்தானே?

பாத்தீங்களா. செருப்புகூட மாட்டாம படியிறங்கிப் போறாரு.