ஒரு விரல் பிசுக்கு

தேங்காய் எண்ணெய்தான் நல்லது, ஐயா. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் டேப்புப் பிசுக்குப் போய்விடும், ஆனால் நாற்றம் நாலு நாள் நிற்கும். பழைய சைக்கிள் வாங்க வருகிறவன் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்ததும் முதலில் செய்கிற காரியம் கையை முகர்வதுதான். முகர்ந்தால் யோசிப்பான். யோசிக்கிறவனிடம் வியாபாரம் செய்வது கஷ்டம்.

வண்டியை வெயிலில் நிறுத்தி, டேப்பு இளகியதும் ஒரு முனையிலிருந்து பொறுமையாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் டேப்பு கையோடு வந்துவிடும், பசை கம்பியோடு தங்கிவிடும். அதன் மேல் எண்ணெயைத் தடவிவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். அப்புறம் சலித்த சாம்பலால் தேய்த்தால் கம்பி முகம் காட்டும். பிளேடு மட்டும் கூடாது. கீறல் விழும். கீறலைப் பார்த்தாலும் யோசிப்பான்.

தாவீது செத்த கதையைக் கேட்டால் இவன் பிசுக்குக் கதை சொல்கிறானே என்று ஏட்டையா முறைக்கிறார். இரண்டும் ஒரே கதைதான். உங்கள் மேஜை மேல் இரண்டு துண்டாகக் கிடக்கிற அந்த ஹேண்டில்பாரை நான் இரண்டு தடவை துடைத்திருக்கிறேன்.

என் பெயர் வீரராகவன். கும்மிடிப்பூண்டி பஜாரில் பழைய சைக்கிள் வாங்கி விற்கிறேன். அப்பாவுக்கு மீஞ்சூரில் பித்தளைப் பாத்திரக் கடை. என்னைத் தாலாட்டியதே பேரச் சத்தம்தான். வாங்குகிறவன் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், கேட்காததை நாமாக எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை என்பது அப்பா கடையில் வைத்திருந்த சட்டம். விற்ற குடம் ஒழுகுகிறது என்று யாராவது வந்தால், "வாங்கச் சொல்லோ தண்ணி ஊத்திப் பாத்தியா?" என்பார். வந்தவர் இன்னொரு குடம் வாங்கிக்கொண்டு போவார்.

எழுபத்துமூன்று தை மாதம் அந்த வண்டியைக் கொண்டுவந்தவன் பாக்கியராஜ். இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியன். ஹேண்டில்பாரின் இடது பக்கம், கழுத்தை ஒட்டி, கரண்டு ஒயரில் சுற்றுகிற கறுப்பு டேப்பை நாலு விரல் அகலத்துக்குச் சுற்றி வைத்திருந்தான்.

"இன்னாடா, கை ஒடிஞ்சவனுக்குக் கட்டு போட்டாப்ல?" என்றேன்.

"உள்ளாற வெடிச்சிக்கினு கீதுண்ணே. தெரியாதவன் எவனாவது எடுத்து அழுத்திடப் போறான்னு சுத்தி வெச்சேன். இத்த ஓட்றதுக்கு விக்காதண்ணே. காயலான் கடைக்குப் போட்டுடு."

பழைய இரும்பு விலைதான் கேட்டான். நானும் அதைத்தான் கொடுத்தேன். அவன் பேரில் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன்.

டேப்பை உரித்தேன். பிசுக்கை எடுத்தேன். எடுத்ததும் வெடிப்பு தெரிந்தது, தலைமுடி கனத்தில். அத்தனை சுத்தமாகத் துடைத்த கம்பியில் அது ஒன்றுதான் கண்ணை உறுத்தியது. மெழுகு வைத்து, வெள்ளிப் பெயிண்டை விரல் நுனியால் தொட்டு மூடினேன். வேறு ஹேண்டில்பார் மாட்டியிருக்கலாமே என்பீர்கள். மாட்டலாம். ஆனால் அது கம்பெனி முத்திரை போட்ட ஒரிஜினல். அதைக் கழற்றிவிட்டு டூப்ளிகேட் போட்டு விற்பது மோசடி. அந்தப் பழக்கம் என்னிடம் இல்லை.

பால்காரர் பரசுராமன் வாங்கினார். பெல்லை அடித்துப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார், சீட்டு கிழிந்திருக்கிறது என்று அரை மணி நேரம் பேரம் பேசினார். ஹேண்டில்பாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பத்தொன்பதாம் நாள் இரண்டு கைப்பிடியிலும் பால் கேனை மாட்டிக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டில் போனவர், வண்டி திடீரென்று திரும்ப, பின்னால் வந்த லாரிக்கு முன்னால் விழுந்தார். லாரி டிரைவர் அரசப்பன் மேல் கேஸ் எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு லாரியும் ஒரு சைக்கிளும் கிடந்தால் யாராக இருந்தாலும் லாரியைத்தான் பார்ப்பார்கள். அரசப்பன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று கேள்வி. சித்திரையில் அவன் வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் அனுப்பினேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆள் செத்த வண்டியை மறுபடி வாசலில் ஏற்ற மாட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து வண்டி கிடைத்ததும் பரசுராமன் சம்சாரம் செங்கம்மாள் நேராக என் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடது கைப்பிடி தொங்காமல் இருக்க இந்த ஸ்டேஷனிலேயே யாரோ கறுப்பு டேப்பைச் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். எதைச் சுற்றுகிறோம் என்று அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"இன்னா வேணும், சொல்லும்மா" என்றேன்.

"டப்பு பேசறதுக்கா வந்தேன் நைனா? எங்கியாவது கொண்டும்போயி ஒழி. என் கண்ணுல படக்கூடாது."

பேரம் பேசாத ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். மனசு சங்கடப்பட்டது. அவள் பக்கத்துப் பேரத்தையும் நானே பேசினேன். என் பக்கம் ஜெயித்தது. ஜெயித்த தொகையை அவள் கையில் திணித்து அனுப்பினேன்.

இரண்டாவது தடவை பிசுக்கு லேசில் வரவில்லை. பசைக்கு அடியில் பால் காய்ந்திருந்தது. பால் மட்டும் இல்லை. வெடிப்பு பாதிக் குழாயைத் தாண்டி ஓடியிருந்தது. வளைவை நிமிர்த்தி, ஈயம் உருக்கி விட்டு, அரம் போட்டு, பெயிண்ட் அடித்தேன். என் வாயால் சொல்லக் கூடாது, புதிது மாதிரி இருந்தது.

ஆடியில் சாராள் வந்தாள். புருஷன் தாவீதுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஐந்து நிமிஷம் பிந்தினாலும் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அவனை வெளியே நிறுத்திவிட்டு அவள்தான் பேசினாள். அப்பாவே எழுந்து வந்திருந்தாலும் அவளிடம் திணறியிருப்பார். செயினைத் தூக்கிப் பார்த்தாள், பிரேக்கைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள், கடைசியில் ஹேண்டில்பாரின் அடிப்பக்கமாக விரலை ஓட்டினாள். விரல் ஒட்டிக்கொண்டது.

"இன்னாண்ணே, இங்க பிசுபிசுன்னு கீது? டேப்பு சுத்தியிருந்தாப்ல கீதே. எதுனா ஒடைசலா?"

கேட்டுவிட்டாள்.

"பெரியபாளையம் போயிட்டு வந்த வண்டிம்மா. ஆடிக்கு வேப்பிலை கட்டிக்கினு போனாங்க, அந்த டேப்பு. ராசியான வண்டி."

"நாங்க வேதக்காரங்க. உங்க அம்மன் ராசி எங்களுக்கு எதுக்கு? அத்த கழிச்சிக்கினு ரெண்டு ரூபா கொறச்சிக்கோ."

குறைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

போன வாரம் ரயில்வே கேட்டு மேட்டில் தாவீது சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்திருக்கிறான். ஷிப்டுக்கு நேரமாகியிருக்கும். அப்படி மிதிக்கிறவன் ஹேண்டில்பாரை மேலே இழுத்துத்தான் மிதிப்பான். உடைந்த குழாய் எங்கே ஏறியது என்பது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. ரோட்டில் லாரி எதுவும் இல்லை. அதனால்தான் என்னைக் கூப்பிட்டீர்கள்.

தெரிந்தே விற்றாயா என்று கேட்டீர்கள். தெரிந்துதான் விற்றேன். முதல் தடவையே தெரியும். இரண்டாவது தடவை நன்றாகவே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்த ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாதது வேறு விஷயம். கேட்டவளிடம் பொய் சொல்லும்படி ஆகிவிட்டது. முப்பது வருஷ வியாபாரத்தில் முதல் பொய், ஐயா. அந்த அடிப்பக்கத்தையும் ஒழுங்காகத் துடைத்திருந்தால் அவள் கேட்டிருக்கவே மாட்டாள். நானும் யோக்கியனாகவே இருந்திருப்பேன்.

ஏட்டையா, அந்தச் சாமி படத்து விளக்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயும் கொஞ்சம் துணியும் கொடுங்கள். ஒரு விரல் அளவு பிசுக்குத்தான், எடுத்துவிடுகிறேன். நாளைக்குக் கோர்ட்டில் இதைக் கையில் வாங்கிப் பார்க்கிற ஜட்ஜ், என் வேலையைப் பற்றி என்ன நினைப்பார்?