எட்டுக் கிலோவுக்கு மேல்

குட்டிப் பன்றி சுத்தமான பிராணி, ஐயா. படுக்கும் மூலையில் ஒருநாளும் அசிங்கம் செய்யாது. என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் மூன்று பேரைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

விருந்துச் சமையல்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டில் என் பொறுப்பு. ஓவனைப் பார்ப்பதும் நான்தான். ஆறு வாரக் குட்டி, எட்டுக் கிலோ. அந்த அளவென்றால் முழுதாக வைத்தாலும் நான்கு மணி நேரத்தில் எலும்புவரை வெந்துவிடும். அதற்கு மேல் வளர்ந்தால் அதே நேரத்தில் தோல் மட்டும் மொறுமொறுவென்று ஆகும், உள்ளே பச்சையாகவே நிற்கும். இது எனக்குத் தெரியாது என்று முதலாளி உங்கள் விசாரணையில் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். எனக்குத் தெரியும்.

ஊரை விட்டு வந்து ஏழு வருடம். பேச ஆள் இல்லை. அதனால் குட்டிகளை முறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். முண்டியடித்துத் தின்பது மச்சான். காரணமில்லாமல் கத்துவது அத்தை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் செய்வேன்.

"என்ன மாப்ள, இன்னும் பன்னிதான் மேய்க்கிறியா?" என்று ஒருநாள் போனில் மச்சான் சிரித்தான்.

திங்கட்கிழமை மச்சானுக்கு உப்புத் தடவினேன். காது கருகாமலிருக்க ஃபாயில் சுற்றினேன். கோபமெல்லாம் இல்லை. யாரையாவது அனுப்பித்தானே ஆகவேண்டும். சித்தப்பா ஒரு கல்யாணத்துக்குப் போனார். அத்தை ஒரு கம்பெனி விருந்துக்கு.

ஒருத்தியை மட்டும் அனுப்பவில்லை. இடது கண்ணுக்கு மேல் மச்சம். என் வீட்டுக்காரி. முதலாளி எடை பார்க்க வரும்போதெல்லாம் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். பதினாறு கிலோ ஆகிவிட்டாள்.

போன ஞாயிறு, அசல் வீட்டுக்காரியிடம் எனக்கு லீவு கிடைத்துவிட்டது என்றேன்.

"இப்ப எதுக்குங்க? நீங்க இல்லாமலே பழகிடுச்சு. வந்தா எங்க படுப்பீங்க? உங்க கட்டில் மேல தையல் மெஷின் இருக்கு."

"ஆமா, அதை நகர்த்துறது கஷ்டம்தான்" என்றேன். நியாயமான பேச்சுக்கு நான் மறுத்துப் பேசுவதில்லை.

மறுநாள் வியாபாரிகள் சங்க விருந்து. சரியான எடையில் நான்கு குட்டிகள் கொட்டிலில் நின்றன. நான் மூட்டைகளை விலக்கினேன்.

"என்னண்ணே இது, கன்னுக்குட்டியா?" என்றான் வெட்டுகிறவன்.

"நல்லா சாப்பிட்டு வளந்தவடா."

கால்களை மடக்கி, குறுக்கே திருப்பித்தான் ஓவனுக்குள் வைக்க முடிந்தது. தட்டு மேசைக்குப் போனபோது தோல் கண்ணாடி மாதிரி மின்னியது. கைதட்டினார்கள். எலும்போரம் சிவப்பாக இருந்ததை இளசு என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். விடியும் முன் முப்பத்து நான்கு பேர் ஆஸ்பத்திரியில்.

ஓவனில் கோளாறு என்று எழுதி, கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிடாதீர்கள், ஐயா. பதினொரு பேருக்குப் பிழைப்பு அது. ஓவன் நன்றாகவே வேலை செய்கிறது. அந்த உடம்புக்கு ஏழெட்டு மணி நேரமாவது வேண்டும். மூன்று மணி நேரத்திலேயே வெளியே எடுத்தது நான்தான். யாரையும் நோகடிக்கும் எண்ணம் எனக்குக் கிடையாது.

அவளுக்குச் சூடு தாங்காது.