ஜீப்பின் வேகம்

பெரியநாயக்கன்பாளையத்தில் பேருந்தில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவர்கள் கோர்ட்டுக்கு. மனைவிதான் பேச்சைத் தொடங்கினார்.

"அன்னைக்கு எழுவது கிலோமீட்டர் வேகத்துல ஓடுனது பின்னால வந்த போலீஸ் ஜீப்புங்க, உங்க வேனு இல்லீங்க. அதைச் சொல்லாம, கேட்டதுக்கெல்லாம் ஆமாங்கன்னு தலையாட்டிப்போட்டு வந்துட்டீங்க."

"அதிகாரி கேக்கறப்ப இல்லீங்கன்னு எப்படி அம்மணி சொல்றது?"

"இன்னைக்கும் ஆமாங்கன்னா லைசென்ஸ்ல குத்தம்னு எழுதிப்போடுவாங்க. அப்புறம் ஸ்கூல் வேன் வேலை ஆரு குடுப்பா? இப்ப நாந்தான் ஜட்ஜு. எழுவதுல வந்தீங்களா?"

"ஆமாங்... இல்லீங்கய்யா. அம்பதைத் தாண்டலீங்க."

"ஜீப் மீட்டர்ல எழுவது காட்டிச்சாமே. போலீஸ் பொய் சொல்றாங்களா?"

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொய்யில்லீங்கய்யா. மீட்டர் காட்டுனது நெசமுங்க. ஆனா ரொம்பப் பின்னால இருந்த ஜீப்பு என்னை எட்டிப் புடிக்கோணும்னா, என்னைவிட வேகமாத்தானுங்களே வந்திருக்கோணும்?"

மனைவி சிரித்தபடி அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"இதையே இப்படியே சொல்லுங்க. எந்திரிங்க, கோர்ட் ஸ்டாப் வந்துருச்சு."