தங்கையின் வாசகர்கள்

உங்கள் அலுவலக வைஃபை பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், மேடம். வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண் அங்கேயே போகிறது. தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. டீ கொண்டுவந்து வைத்தாரே, அவர் நினைத்தால்கூட உங்கள் கணினிக்குள் எட்டிப் பார்த்துவிடலாம். முதல் வேலையாக அதைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். வீட்டில் எனக்காகக் காத்திருக்க இப்போது யாரும் இல்லை.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் ஒருவர் இணையத்தில் எழுத விரும்பினால், அதற்கான மென்பொருளைச் செய்து கொடுப்பவன் நான். எழுதுகிறவர் பெயர் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். படிக்க வருகிறவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று எதையும் குறித்து வைக்க மாட்டோம். வேலை போன நிருபர்கள், சங்கத்து ஆட்கள், தன் ஆஸ்பத்திரியைப் பற்றியே எழுதிய ஒரு நர்ஸ் என்று எத்தனையோ பேர் என்னை நம்பி எழுதினார்கள். ஒருத்தர் பெயர்கூட என் கையிலிருந்து கசிந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான்.

என் தங்கையும் அதில்தான் எழுதினாள். அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தது நான். வளர்ந்த பிறகு அவள் வீட்டுக்கு வருவதே அபூர்வமாகிவிட்டது. வந்தாலும் ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்பூன். பேட்டரி தொழிற்சாலை ஒன்றில், ஈயம் உருக்கும் பிரிவில் வேலை பார்த்த பெண்களின் ரத்தத்திலேயே ஈயம் ஏறியிருந்தது. கம்பெனி அதைச் சோதித்துத் தெரிந்துகொண்டு மூடி மறைத்தது. அதைத்தான் அவள் எழுதினாள். அந்தப் பெண்கள் பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தாள். வழக்கு வந்தபோது, அந்தப் பதிவுகளை எடுத்தது தான்தான் என்று கோர்ட்டில் வந்து சொல்வதாக அவர்களுக்கு வாக்கும் கொடுத்திருந்தாள்.

அப்போது ஒரு நாள் எங்கள் தபால் பெட்டியில் அவளுடைய போட்டோ ஒன்று கிடந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது தூரத்திலிருந்து எடுத்தது. வேறு ஒரு எழுத்தும் இல்லை. மேடம், அது நிஜம், அதை நான் செய்யவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கே அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து மாடியில் பின்பக்க அறையில் இருக்க வைத்தேன். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினேன். போனை அவளே உடைத்தாள். நான் சுத்தியல் மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த முதல் சில வாரங்களைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் சொல்லும் மொக்கை ஜோக்குகளுக்கு அவள் சிரித்தாள். ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்ண்ணா?"

இவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை. அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

கொஞ்ச நாளில் அந்தப் பெண்களின் வக்கீல் போன் பண்ணினார். போட்டோ எடுத்தவனைப் பிடித்துவிட்டார்கள், சாட்சிக்குப் பாதுகாப்பு கொடுக்கக் கோர்ட் உத்தரவு போட்டுவிட்டது, இனி தங்கை தைரியமாக வரலாம் என்றார். நான் நன்றி சொன்னேன். அவள் வெளிநாடு போய்விட்டாள் என்றேன். எந்த நாடு என்று கேட்டார். பாதுகாப்புக்காக எனக்கே சொல்லவில்லை என்றேன். எங்கள் தொழில் வட்டாரத்தில் இந்தப் பதிலை யாரும் குடைய மாட்டார்கள். சொல்லாமல் இருப்பதற்குத்தான் எங்களுக்குள் மரியாதை. அன்று சாயங்காலமே, இனி எழுதப்போவதில்லை என்று அவள் பாணியில் நாலு வரி எழுதி அவளுடைய தளத்தில் போட்டேன். நன்றாகவே வந்திருந்தது. பலர் வருத்தப்பட்டார்கள்.

ஆனால் அவளுக்கு எழுதாமல் இருக்க முடியாது. அது என் தங்கை, எனக்குத் தெரியாதா. அதனால் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கணினியை வைத்து, அவளுடைய தளத்தை அப்படியே நகல் எடுத்து அதில் ஏற்றினேன். அவள் லேப்டாப்பிலிருந்து ஒரு வயர் அந்தக் கணினிக்குப் போகும். அந்தக் கணினியிலிருந்து வெளியே எந்த வயரும் போகாது. வேறு எங்கே போனாலும் உன் தடம் தெரிந்துவிடும், இந்த ஒரு வழிதான் பத்திரம் என்றேன். செய்திப் பக்கங்களை நானே பார்த்து, அவளுக்கு எது நல்லது என்று பொறுக்கி அதில் போட்டு வைத்தேன். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த விஷயத்தில் என்னை நம்பாதவர்கள் யார் இருக்கிறார்கள்.

அவள் எழுதினாள். பதிவேற்றினாள். ஒரு வாரம் கழித்து, முகம் வாடிப்போய் வந்து நின்றாள்.

"யாருமே படிக்கலையாண்ணா? ஒரு கமெண்ட்கூட இல்ல."

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றுதான் என் கீபோர்டில் ஒரு ரிட்டயர்ட் டீச்சர் வாசகராகப் பிறந்தார். நிதானமான, கண்டிப்பான அம்மா. பாராட்டும்போதுகூட ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுவார். பிறகு ஒரு மாணவன், அவசர அவசரமாகத் தட்டி எழுத்தை முழுங்குவான். வெறும் பாராட்டாகவே இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒரு சண்டைக்காரரையும் சேர்த்தேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேளை, ஒரு நடை, ஒரு கோபம். தலைக்கு மேல் வேலை, மேடம். நாலு வருடம் ஒரு நாள்கூட விட்டுவிடாமல் செய்தேன். இதற்காகவே வெளி வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டேன்.

அறைக் கதவைப் பூட்டி வைத்ததாக உங்கள் ஆள் எழுதிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து அதைத் திருத்துங்கள். எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் நான் வெளிப்பக்கம் பூட்டியதில்லை. ஒரு முறை அவளே கேட்டாள், சும்மா தெருமுனை வரைக்கும் போய்விட்டு வரட்டுமா என்று. உன் இஷ்டம்தான் என்றேன். அன்று மதியம் சண்டைக்காரர் ஒரு வரி எழுதினார்: நீ எந்த வீட்டில் இருக்கிறாய், ஜன்னலில் என்ன ஒட்டியிருக்கிறாய் என்பது எங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான். அவளுக்குக் காய்ச்சல் வந்து, தூக்கத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். ஈரத்துணி நனைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அதைப் பார்க்க எனக்கும் வேதனையாகத்தான் இருந்தது. அதன் பிறகு அவள் தெருவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

ஈயம் உருக்கும் பிரிவில் வேலை பார்த்த ஒரு அம்மா இருந்தார். தங்கை அவரை அக்கா அக்கா என்றுதான் சொல்லுவாள். அவர் ஒரு நாள் முகவரி விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். கேட்டைப் பிடித்திருந்த இரண்டு கையும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே கூப்பிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கூப்பிடவில்லை.

"தங்கச்சி எங்க சார்? கோர்ட்டுக்கு வரேன்னு எங்ககிட்ட சொல்லியிருந்துச்சே."

"அது வெளிநாடு போயிருச்சும்மா. அங்க வேற வேலையில சேந்துருச்சு."

"எங்கள விட்டுட்டுப் போற பொண்ணு இல்லையே சார் அது."

"மனுஷங்க மாறிருவாங்கம்மா. நீங்க உடம்பப் பாத்துக்குங்க."

அந்த நேரத்தில் தங்கை மாடியில் உட்கார்ந்து, இதே அக்கா பேசிய பதிவைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியும். அந்த அக்கா திரும்பிப் போனார். பதிவுகளை எடுத்தவர் வந்து சொல்லாததால் அவற்றை ஏற்க முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது, வழக்கு தள்ளுபடி ஆனது. அடுத்த மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனார். வக்கீல் தங்கையின் பழைய மெயிலுக்குத் தகவல் அனுப்பியிருந்தார். அந்த மெயிலை நான்தான் பார்ப்பேன். அன்றைக்கு ரிட்டயர்ட் டீச்சர் எழுதினார்: உன் எழுத்தால் வழக்கு நல்லபடியாகப் போகிறதாம், நீ எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே அம்மா. தங்கை படித்துவிட்டுத் துள்ளிக்கொண்டு கீழே வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதை எப்படிக் கெடுப்பது, சொல்லுங்கள்.

எப்படி மாட்டினேன் என்று கேட்கிறீர்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் செய்யவே கூடாத தப்பு அது, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. போன வாரம் சாக்கடை வேலைக்காக எங்கள் தெருவைத் தோண்டினார்கள், தோண்டும்போது இணைய லைனை அறுத்துவிட்டார்கள். காலையிலிருந்து தெரு முழுக்க நெட் இல்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. டீச்சர் எழுத உட்கார்ந்துவிட்டால் எனக்கு வெளியுலகம் தேவைப்படாது. தங்கை காலையில் புதிதாக ஒன்று எழுதியிருந்தாள், நல்ல கட்டுரை. டீச்சர் வழக்கம்போல ரசித்து ரசித்துப் பதில் எழுதினார். மாடியில் தங்கை அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் நின்று போனில் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறார், காலையிலிருந்து யாருக்குமே நெட் இல்லை, எப்போது சரி செய்வீர்கள் என்று.

அவள் கீழே இறங்கி வந்தாள். பகலில் அவள் ஹாலுக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"லைன் கட் ஆயிருக்காமே?"

"அப்படியா?"

"அப்ப டீச்சர் எப்படிண்ணா எழுதினாங்க?"

எதைக் கேட்டாலும் எனக்குப் பதில் இருக்கும், மேடம், என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்போது மட்டும், பதில் சொல்வதை விட்டுத் திரையை மறைக்கப் போனேன். அவள் மாடிப்படிக்குக் கீழிருந்த அந்தக் கணினியின் திரையைப் பார்த்தாள். டீச்சர் அடுத்து எழுதப்போவது பாதி வரியில் நின்றிருந்தது.

"எல்லாருமே நீதானா?"

"ஆமா."

"டீச்சருமா?"

"ஆமாம்மா."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். செத்துப்போனவர்களுக்காக அழுவோமே, அந்த மாதிரி அந்த டீச்சருக்காக அழுதாள். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாகவே இருந்தது. டீச்சர் அவளிடம் காட்டிய அக்கறை எல்லாம் யாருடையது. அதற்கப்புறம் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள், சொன்னேன். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள், அதையும் சொன்னேன். பொய் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்கு வந்ததையும், அப்போது அவள் மாடியில் இருந்ததையும்கூட நானாகத்தான் சொன்னேன். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. எழுந்து, நேரே வாசல் கதவைத் திறந்து வெளியே போனாள். நான் தடுக்கவில்லை. பூட்டு கிடையாது என்று சொன்னேன் அல்லவா.

ஆனால் கேட்டைத் தாண்ட அவளால் முடியவில்லை. வெயிலில் கண் கூசியது போலிருக்கிறது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கால் நடுங்க நின்றாள். ஒரு காலை வெளியே எடுத்து வைப்பாள், உடனே உள்ளே இழுத்துக்கொள்வாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனதற்கே தலையைக் குனிந்து, முகத்தை மூடிக்கொண்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாத்தியா, ஒடம்பு எப்படி நடுங்குதுன்னு. வா, உள்ள போலாம். சூடா டீ போட்டுத் தரேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணா."

"சொல்லும்மா," என்றேன். என் மனசு அப்படியே நிறைந்துவிட்டது. எல்லாம் முடிந்து, மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே பள்ளத்துக்குள் இறங்கி, அறுந்த லைனை ஒட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னே பின்னே தெரியாத ஆள்.

"அண்ணா, கொஞ்சம் கையப் புடிச்சிக்கறீங்களா? நான் ரோட்டத் தாண்டணும்."

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மேலே ஏறி வந்து, கைச் சேற்றைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். "வாம்மா, பயப்படாத, மெதுவா வா," என்றார். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே தெருவைக் கடந்தாள். அங்கிருந்துதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

எழுதியதெல்லாம் சரிதான், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது, மேடம். கூடப் பிறந்தவன் நான் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறேன். யாரோ ஒருவரைப் பார்த்து அவள் அண்ணா என்று கூப்பிட்டாளே, அப்படி நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்?