வியாசத்தில் போன சொத்து

"மாமா, பரீட்சையிலெ உங்க சொத்தெ உங்க மகனுக்குக் கொடுத்துட்டேன்."

நெய்யாற்றங்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகும் மாட்டுவண்டியில், எனக்கு எதிரே இருந்த வாலிபன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். சர்க்கார் உத்தியோகப் பரீட்சை எழுதித் திரும்புகிறவன். தாய்மாமன் சொத்து சகோதரி மகனான மருமகனுக்கே என்பது அவர்கள் குலவழக்கம். ஆக, அவன் விட்டுக்கொடுத்தது தன் பங்கை.

அவன் பக்கத்திலிருந்த மாமா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"எலே, என்ன சொல்லுகே?"

"வியாசம் மாமா. சொத்து மகனுக்கா, மருமகனுக்கான்னு கேட்டிருந்தாவ. முதல்லெ முகவுரை, பொறவு ரெண்டு பக்கத்து நியாயம். எந்தப் பக்கம் கனமோ அதையாக்கும் முடிவா எழுதணும். மருமகன் பக்கம், பண்டே உள்ள வழக்கம்ங்கிற ஒண்ணுதான் கிட்டிச்சு."

"மகன் பக்கம்?"

"நிறைய உண்டு. வயல்லெ கூட நின்னு பாடுபடுகது மகன். தீனம் வந்து படுக்கையிலெ கெடந்தா பாக்கது மகன். அப்பன் கண்ணெ மூடினா, மருமகன் வந்து அவனையும் அவனுக்க அம்மையையும் வீட்டெ விட்டு இறக்குவான்."

"நீ இறக்குவியா?"

"வழக்கம் அதுதானே மாமா."

மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எறங்குலே. திரும்பிப் போவோம், வக்கீல் வீட்டுக்கு."

"எதுக்கு மாமா?"

"இப்பொ சொன்னதெ ஒண்ணு விடாம அவருகிட்டெ சொல்லு."

வாலிபன் வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ மாமா, அது மார்க்குக்கு எழுதினதாக்கும்!"