ஜெயாவின் பெயருக்குப் போன காகிதம்

என் பெயர் பிரபாவதி, வயது 51, கணவர் பெயர் இராஜமாணிக்கம். குடியிருப்பது பொம்மனஹள்ளி. மூன்றாவது வரை படித்தேன். கையெழுத்துப் போடுவேன், அழகை எதிர்பார்க்க வேண்டாம். ஆராவமுதன் சாரின் கட்டட காண்டிராக்ட் ஆபீஸில் டீ போட்டு, கூட்டிப் பெருக்குகிறேன். அதே ஆபீஸில் வேலை செய்யும் கிஷோரைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதால் இதைச் சொல்ல வந்தேன்.

ஆபீஸ் அல்சூரில் ஒற்றை அறையாக இருந்த காலத்திலிருந்து ஜெயலட்சுமி அக்காதான் கணக்கு. சார் "ஜெயா" என்று குரல் கொடுத்தால் காகிதம் மேஜைக்கு வந்துவிடும். நான் கிண்டல் செய்தால் அக்கா ஸ்கேலால் என் தலையில் தட்டுவார். அப்படித் தட்ட இப்போது ஆளில்லை. அக்கா ரிட்டையர் ஆன பிறகு அவர் இடத்தில் பிரிண்டர் வைத்து, அதற்கு ஜெயா என்றே பெயர் வைத்தோம். போன சனிக்கிழமை அந்தப் பிரிண்டரை வாசல் பக்கம் கிஷோர் மேஜையருகே தள்ளிவிட்டு, அக்கா இடத்துக்குப் புதியது வந்தது. ஜெயா என்ற பெயர் புதியதற்கே என்று சார் சொல்லிவிட்டார்.

அதன் பின் திங்கட்கிழமை சார் டெண்டர் விலைப்பட்டியலை ஜெயாவுக்கு அனுப்பினார். புதியதில் ஒன்றும் வரவில்லை. ரிப்பேர் என்று நினைத்து, நெட்வொர்க் பார்க்கும் ரெமிஜியஸுக்குப் போன் போட்டார். வாசல் பிரிண்டரில் கிடந்த தாள்களை யாரும் கேட்கவில்லை. கேட்காத தாள் எங்கள் ஆபீஸில் சாயங்காலம் ரத்தி பேப்பர், அதாவது பழைய தாள்; நான் கொண்டுவரும் வடையைச் சுற்ற வந்துவிடும். அன்று "பொண்ணு பாத்தாச்சா, இல்ல என் வடையோடவே காலம் தள்ளப் போறியா?" என்று கேட்டபடி, அந்தத் தாளில் வடையைச் சுற்றி கிஷோர் பையில் வைத்தது நான்தான். அவன் தின்றுவிட்டுத் தாளைப் பையிலேயே விட்டிருக்கிறான்.

மறுநாள் சார் கிஷோர் பையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வேறு கம்பெனிக்கு விலையைச் சொல்லத் திருடியதாகப் புகார் கொடுத்தார். நான் பால் வாங்கி வருவதற்குள் கிஷோரைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

அதன் பின் ரெமிஜியஸ் வந்து கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "பேர மட்டும் புதுசுக்கு வெச்சீங்க, ஆன்ட்டி. பேரையும் நம்பரையும் வெச்சிருக்கற கம்ப்யூட்டர்ல ஜெயான்னா இன்னும் பழைய மெஷின் நம்பர்தான் நிக்குது. சார் அனுப்பினதெல்லாம் வாசலுக்குப் போயிருக்கு" என்றான்.

"மெஷினுக்கும் பழைய ஜெயாவ மறக்க முடியல போல" என்றேன். சொன்ன பிறகுதான் வடை சுற்றிய தாள் எது என்று எனக்கு உறைத்தது. சாரிடம் சொன்னேன்.

ரெமிஜியஸ் பழைய நம்பரை அழித்துப் புதியதை எழுதினான். சார் மறுபடி அனுப்ப, தாள் அக்கா இடத்தில் வந்தது. சார் அதைப் படிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "ஜெயா இருந்திருந்தா இது நடந்திருக்காது" என்றார். "அவங்க இருந்தா டெண்டர்ல வடை சுத்த விடுவாங்களா சார்? வண்டிய எடுங்க" என்றேன்.

சார் புகாரை வாபஸ் வாங்க வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். நான் உள்ளே வந்தபோது கிஷோர் என்னைப் பார்த்து, "இனிமே தட்டுலயே குடுங்க ஆன்ட்டி" என்றான்.

நான் சொன்னதைத் தமிழில் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நடந்தது இதுதான்.

(ஒப்பம்) பிரபாவதி